அக்காவின் சட்டை அளவு

தையல் கடையில் துணி வெட்டுவது அக்கா, தைப்பது அவள் வீட்டுக்காரர். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். யாராவது "போன தடவை அளவேதான்க்கா" என்று நழுவப் பார்த்தால் விடமாட்டாள். "அது போன தடவையோட போச்சு. இப்படி வா."

அவளுடைய சட்டைகளை மட்டும் அவரே வெட்டித் தைப்பார். அது அவர் ஆசை. தன்னை அளந்துகொள்ள அவளுக்குத் தோன்றியதே இல்லை. கடைக் கண்ணாடியிலும் மற்றவர்களின் முதுகுத் தையலைத்தான் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத் தன் இடுப்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் போனது. வெட்டுமேசைக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும்போல நுழைவாள். மேசை முனை இடிக்கும். நாற்காலியின் கை சதையைக் கவ்வும். படியேறினால் பாதியில் மூச்சு முட்டும்.

"மேசை நகர்ந்திருக்கா?"

"நான்தான் கொஞ்சம் தள்ளிட்டேன்" என்பார் அவர்.

சட்டையெல்லாம் கச்சிதமாக இருந்ததால், உடம்பில் மாற்றமில்லை, கோளாறு தலையில்தான் என்று அவள் முடிவு கட்டினாள். அவள் அம்மாவும் இப்படித்தான் கதவிலும் சுவரிலும் இடித்துக்கொண்டு, கடைசியில் பெற்ற பிள்ளைகளையே மறந்தாள். "எனக்கும் அதேதான் போல. இனிமே வெட்டுறதுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று அழுதாள். அவர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அவர் வெளியே போயிருந்த ஒரு நாள், கை இன்னும் நிதானமாக இருக்கிறதா என்று பார்க்க, அவர் என்றோ அவளுக்காக வெட்டி ஆணியில் மாட்டியிருந்த பழைய காகித அளவை எடுத்துத் தனக்கே ஒரு சட்டை தைத்தாள். வெட்டும் சுத்தம், தையலும் சுத்தம். சட்டைதான் தோளைத் தாண்டி இறங்கவில்லை. போட்டிருந்ததைக் கழற்றிக் காகிதத்தின்மேல் விரித்தாள். இரண்டு பக்கமும் துணி வழிந்தது.

திரும்பி வந்தவர் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் கொஞ்சம் கொஞ்சமா துணி விட்டுத் தச்சேன்."

"குண்டாயிட்டேன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். புத்தி போயிடுச்சேன்னு நான் அழுதப்போ பக்கத்துலதானே இருந்தீங்க?"

அவர் விரித்திருந்த சட்டையை மடிக்கப் போனார். இத்தனை நாள் மேசை முனை சொன்ன உண்மையைக் கட்டினவர் சொல்லவில்லை.

"டேப்பை எடுங்க. அளந்து சத்தமா சொல்லுங்க."

அவர் இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தார். அது சதை பிதுங்க இறுகியது. எண் குறைவாக வர எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கா தெரியாது?

"இப்பவுமா?" என்றாள்.

அவர் டேப்பைத் தளர்த்தவில்லை.