அடையாற்றங்கரைக் கல்

மாசி பிறந்து ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது. அடையாற்றங்கரையில், நடுவே குழிந்து வழவழவென்று கிடக்கும் ஒரு கல்லின் முன் காமிராவை நிறுத்துகிறேன். மதுரையிலிருந்து கொண்டுவந்த, படம் பதியும் கண்ணாடித் தகடுகளில் ஒன்றுதான் மிச்சம்.

முழங்கால் தண்ணீரில் துணி அலசும் பெண் கேட்கிறார்: "இன்னா சாமி, கல்லைப் போயி படம் புடிக்கிறே?"

"ஆத்துத் தண்ணி எவ்வளவு அழகாத் தேச்சிருக்கு, பாருங்கம்மா."

அவர் சிரிக்கிறார். "ஆறா தேச்சிது? நாந்தான். கண்ணாலம் கட்டி வந்த நாளா இதுலதான் தொவைச்சிகினு கீறேன்."

எனக்கு வெட்கமாகிவிடுகிறது. "அப்போ நீங்களும் வந்து நில்லுங்க" என்கிறேன்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கல்லை மறைக்காமல் பக்கத்தில் நிற்கிறார். காமிரா மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி மூடும்வரை அந்த நிமிர்ந்த தலை அசையவே இல்லை.