எழுதிக் கொடுக்கிற ஆள்

பிள்ளைகளே, நான் சனிக்கிழமைகளில் காலேஜுக்குப் போய்ப் படித்தது உங்களுக்குத் தெரியும். அங்கே எனக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள் என்பதும் தெரியும். அந்த வேலையால் ஒரு நாள் நான் எப்படிப் பயந்துபோனேன் என்பது மட்டும் தெரியாது. உங்கள் அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

நான் ஐந்தாம் படிவத்தோடு நின்றவன். தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிக்கொண்டே சிரம்பானில் வார இறுதி டிப்ளோமாவில் சேர்ந்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பன் வயது எனக்கு. ஆனால் பரீட்சை என்றால் அவர்களைப் போலத்தான் நானும் பயப்படுவேன். ஒரு நாள் எங்கள் விரிவுரையாளர், நாங்கள் புவான் என்று மரியாதையாகக் கூப்பிடும் மலாய்க்கார அம்மா, கட்டுரை எழுதத் திணறும் சக மாணவர்களுக்கு என்னை உதவச் சொன்னார்.

"என் இங்கிலீஷே நொண்டும், புவான்," என்றேன்.

"அடுத்தவர் எழுதியதைப் படித்துவிட்டு, புரியவில்லை என்று கூச்சப்படாமல் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் வேண்டும்," என்றார்.

நூலகத்தின் ஓரத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். விதி ஒன்றே ஒன்று. அவர்கள் எழுத வேண்டியதை நான் எழுதக் கூடாது. கேள்வி கேட்கலாம், பதிலை அவர்களே சொல்லி அவர்களே எழுத வேண்டும்.

இது நம் எஸ்டேட் லயத்தில் யாருக்கும் புரியவில்லை. "அண்ணனுக்கு காலேஜ்ல எழுதிக் கொடுக்கிற வேலையாம்லா," என்று பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, தண்ணீர்க் குழாயைப் பற்றிப் புகார் எழுத வெள்ளைத் தாளோடு வந்துவிட்டார். "நீங்க சொல்லுங்கக்கா, நான் கேள்வி மட்டும் கேக்கிறேன்," என்றேன்.

"கேள்வி கேக்கிறதுக்கு ஒரு காலேஜா? அந்தக் காலத்து ஆபீஸ் கிராணியே தேவலலா. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாலும் எழுதிக் கொடுத்திடுவாரு."

நானும் சிரித்தேன். அந்தப் பேச்சு எஸ்டேட்டைத் தாண்டி யார் யார் காதில் விழும் என்று யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்த மத்தியானம். மழை இறங்காமல் வானம் இருண்டு நின்றது. நூலகத்தில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். கோலா சாவா பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். வெல்டிங் படிக்கிறவன், முன்பே என் மேசைக்கு வந்திருக்கிறான். என் மூக்குக் கண்ணாடியைக் கேலி செய்யாமல் உட்கார மாட்டான். அன்று நேராக வந்து உட்கார்ந்தான். அவன் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் பையனுக்கும் எனக்கும் நடுவில் போட்டுக்கொண்டார்.

"நீங்கதானே எழுதிக் கொடுக்கிற அண்ணன்? ஒரு சூராட் எழுதித் தரணும். மலாய்ல, அழகா."

விஷயத்தை அவரே சொன்னார், கல்யாண வேலை பேசுவதுபோல நிதானமாக. டவுனில் ஒரு மோட்டார் சைக்கிள் கடையை உடைத்திருக்கிறார்கள். கடைக் காவல்காரர் தலையில் அடிபட்டு, இன்னும் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "இந்தத் தம்பிதான் செஞ்சான். ஒத்துக்கிறான். போலீஸ்ல குடுக்கணும். சின்ன வயசு, முதல் தடவ, ஒண்ணும் ஆகாதுலா. படிப்ப நாங்க பாத்துக்குவோம்."

பையன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தாளில் அவன் கையெழுத்து விழுந்தால் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும். முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் வெளியே போனால் எழுத வேறு ஆள் கிடைக்க எவ்வளவு நேரமாகும்?

"எழுதலாம்," என்றேன். "இங்க ஒரு முறை இருக்குண்ணே. நான் கேப்பேன், தம்பி சொல்லணும்."

"கேளுங்க, கேளுங்க."

"தம்பி, எந்தப் பக்கமா உள்ள போன?"

"பின்பக்கம்," என்றார் அவர்.

"அவன்தாண்ணே சொல்லணும். உள்ள லைட் எரிஞ்சிச்சா, தம்பி?"

பையன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"காவல்காரரு நின்னாரா, உக்காந்திருந்தாரா?"

கட்டுரைக்குக் கேட்கிற அதே குரலில் மறுபடியும் கேட்டேன்.

"தெரியாதுண்ணே," என்றான். "நான் அங்க இல்ல. இவரோட சொந்தத் தம்பிதான் போனாரு."

அவன் போட்ட சத்தம் நூலகம் முழுக்கக் கேட்டிருக்கும். கடைசி மேசையில் இருந்த விரிவுரையாளர் எழுந்து எங்களைப் பார்த்து நடந்து வந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"நல்லா சொல்லித் தர்றீங்கண்ணே," என்று சிரித்தார். எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினார். பிறகு குனிந்து மெதுவாக, "உங்க சின்னவளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திடுச்சில்ல? சிரிச்சா அழகா இருக்கு," என்றார்.

அந்தப் பல் விழுந்தது அந்த வாரம்தான்.

அவர் பையனைப் பார்த்து, "வா," என்றார். பையன் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். விரிவுரையாளர் அவன் பக்கத்தில் வந்து நின்று, என்ன பிரச்சினை என்று மலாயில் கேட்டார். "ஒன்றுமில்லை, புவான்," என்று பணிவாகச் சொல்லிவிட்டு அவர் தனியாகப் போனார்.

ரஹாங்கில் இருந்த பையனின் அக்காவுக்குப் போன் போட்டோம். வேலை உடையோடு கணவரையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். எல்லோருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததைப் பையன் தன் வாயாலேயே சொன்னான். அதன் பிறகு அவன் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டான். வகுப்புக்கும் அங்கிருந்துதான் வந்தான். வெள்ளைச் சட்டைக்காரரை நான் மறுபடி பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்க்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த வருஷம் உங்களைப் பள்ளிக்கூட பஸ்ஸில் விடாமல் நானே கொண்டுபோய் விட்டதற்குக் காரணம் இதுதான்.

அன்று ஸ்டேஷனிலிருந்து காலேஜுக்குத் திரும்பி வந்தபோது, மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் என் மோட்டார் மட்டும்தான் நின்றது. மழை தூற ஆரம்பித்திருந்தது. பின் மட்கார்டில் நம் கோயில் திருவிழா ஸ்டிக்கர், எஸ்டேட் பெயர் பெரிய எழுத்தில். நீங்கள் ஆசையாக ஒட்டியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாவி முனையால் அந்தப் பெயரைச் சுரண்டினேன், ஒரு எழுத்தும் மிச்சமில்லாமல்.