மஞ்சள் சட்டை லேபர்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து ‘ஒலிம்பிக் வீடு எது?’ என்று கேட்டால் இன்றும் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அந்த வீட்டிலிருந்து யாரும் ஒலிம்பிக்குக்குப் போனதில்லை. என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, அதற்கான தகுதிப் போட்டி வரைக்கும் போனாள். இந்தியா தோற்றது, அத்தை திரும்பி வந்தாள். ஆனால் எங்கள் தெருவுக்கு ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. நான் சொல்ல வந்தது, அவள் அந்தத் தகுதிப் போட்டிக்கே போகாமல் நின்றுவிட இருந்த கதையை.

அத்தை குள்ளம். வாலிபால் ஆடுகிறவள் என்று சொன்னால், கேட்டவர்கள் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பார்வை தலையிலிருந்து காலுக்கு வர அதிக நேரமும் ஆகாது. இருந்தும் பள்ளிக்கூடம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிக்கொண்டே போய் ஒருநாள் இந்தியா டீமில் அவள் பெயர் வந்துவிட்டது. அப்போது நான் நாலாம் வகுப்பு. கேள்வி கேட்பதுதான் என் முழுநேர வேலை. வலை உயரம் எட்டாத அத்தை, வலைக்கு மேலே ஆடுகிற ஆட்டத்தில் என்ன செய்கிறாள் என்று நான் கேட்காத ஆளில்லை. “வாய மூடு, ஈ பூந்துடப் போவுது” என்பது அம்மாவின் பதில்.

அவளுடைய ஆட்டம் முதன்முதலாக டிவியில் வந்த அன்று தெருவே எதிர் வீட்டில் கூடியது. அங்கேதான் பெரிய டிவி இருந்தது. இந்தியப் பெண்கள் எல்லோருக்கும் நீலச் சட்டை, அத்தைக்கு மட்டும் மஞ்சள். எதிரணிக்கு ஆடுகிறாளோ என்று பார்த்தேன். எதிரணி சிவப்பு. பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. சர்வீஸ் போட அவளை யாரும் கூப்பிடவில்லை. வலைக்குப் பக்கத்திலும் விடவில்லை. கொஞ்ச நேரம் உள்ளே ஓடுவாள், பிறகு கோட்டுக்கு வெளியே வந்து நிற்பாள், மறுபடி உள்ளே. இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த ஆள், அத்தை பந்தைத் தொடும்போதெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். “இன்னா மாமே, உன் தங்கச்சிய லேபர் லேபர்ன்றான்?”

அந்த ஆள் சொன்னது லிபரோ. பின்வரிசையில் நின்று, வருகிற பந்தை விடாமல் எடுத்துக் கொடுப்பதற்கென்றே இருக்கும் ஆட்டக்காரர். நடுவருக்கு அடையாளம் தெரிவதற்காகத்தான் வேறு நிறச் சட்டை. இது இன்று எனக்குத் தெரியும், அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. லேபர் என்றால் யார் என்பது எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். அப்பாவும் எதிர் வீட்டுக்காரரும் எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தார்கள். அங்கே பர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் லேபருக்கு மஞ்சள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா மஞ்சள்.

அப்பா ஆட்டம் முடியும் முன்பே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

தகுதிப் போட்டிக்கான முகாம் தொடங்குவதற்கு முன் நாலு நாள் லீவில் அத்தை வந்தாள். அவள் பையை இறக்கி வைப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். “நீ திரும்பப் போவ வேணாம். வூட்ல நான் ஒருத்தன் லேபரா கீறது போதும்.”

அத்தைக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் விளக்க ஆரம்பித்தாள். விளக்காமலே இருந்திருக்கலாம்.

“எதிராளி அடிக்கிற அடி மொதல்ல என் கைலதாண்ணா உழும். நான் தூக்கிக் குட்தாதான் மத்தவங்க அடிக்க முடியும்.”

“நீ அடிக்கக் கூடாதா?”

“வலைக்கு மேல அடிக்கக் கூடாது. அது ரூலு.”

“பாயின்ட்டு யார் பேர்ல?”

“அடிச்சவங்க பேர்ல.”

“புளூ சட்ட எப்போ தருவாங்க?”

“தர மாட்டாங்கண்ணா. என் எடமே அதான்.”

“இத்தத்தானே நானும் சொல்லிகினு கீறேன்,” என்றார் அப்பா.

அம்மா அத்தை பக்கம். “ஏரோப்ளேன்ல கூட்டிகினு போற லேபரு எங்கனா உண்டா?” என்று கேட்டாள். “துபாய்க்குப் போறவன்லாம் பின்ன இன்னா கலெக்டரா?” என்றார் அப்பா. அண்ணன் வேண்டாம் என்றால் அத்தை மீறிப் போகமாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா அம்மா இல்லாத அவளை வளர்த்தவர் அவர்தான். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் அத்தை பந்தை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள். “தெருவுக்கு வா. உன் பலம் மட்டும் அடி. ஒரு பந்த வுட்டாலும் நான் போவல.”

அப்பா முதல் பந்தைக் கடமைக்குப் போட்டார். எடுத்தாள். அடுத்ததைக் கொஞ்சம் வேகமாக அடித்தார். அதையும் எடுத்தாள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓங்கி, அவளுக்கு எட்டவே எட்டாத பக்கமாக, மீன்பாடி வண்டி நின்ற மூலைக்கு ஒன்று விட்டார். அத்தை சிமென்ட் ரோட்டில் அப்படியே பாய்ந்து விழுந்தாள். பந்து அவள் கையில் பட்டு நேராக மேலே எழும்பி, பொறுமையாக இறங்கி, என் கைக்கே வந்தது. தெருவே கைதட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தேன்.

அப்பா ஓடிப்போய் அவளைத் தூக்கினார். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் வந்துகொண்டிருந்தது.

“அங்கியும் இப்டித்தான் உழுவியா?”

“ஆமாண்ணா.”

“அடிபட்டா யாரு பாப்பாங்க?”

“டீம்ல டாக்டர் கீறாரு.”

“புளூ சட்டைங்களுக்கா?”

“எல்லாருக்குந்தான். எனக்கும்.”

“சரியாவுற வரிக்கும் பாப்பாங்களா? இல்ல, வேற ஆள எடுத்துப்பாங்களா?”

“போன தபா மணிக்கட்டு பிசகிச்சி. சரியாவுற வரிக்கும் பாத்துட்டு, மறுபடி என்னியத்தான் எறக்குனாங்க.”

அப்பா அவள் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு, “போய் பைய எடு. டிரெயின வுட்டுறப் போற,” என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன பந்து அது! அதைப் பார்த்து மனம் மாறியிருந்தால் ஒரு நியாயம் உண்டு. டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு அனுப்புவதா? இவருக்கு ஆட்டமே தெரியவில்லை என்று அத்தையின் காதில் சொன்னேன். அத்தை அப்பாவின் இடது கையைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அவை பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.