பெயர் எழுதாத படம்

திருத்தணி ரயில் நிலையத்தில் சென்னை மின்ரயிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். மலையில் மொட்டை போட்டுத் தலையில் சந்தனம் பூசியவர்கள் நடைமேடை முழுக்க நிற்கிறார்கள். பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர், மடியில் பையோடு. அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிறவர். தனியாக டெல்லிக்குப் போகிறாராம்.

"அங்கே யார் இருக்காங்க?" என்று கேட்கிறேன்.

"நான்தான் இருக்கேன்" என்று செல்போனை நீட்டுகிறார்.

திரையில், டெல்லி தேசிய ஓவியக்கூடத்தின் சுவரில் ஒரு பெரிய ஓவியம். இளம்பெண் ஒருத்தி தறியில் குனிந்து அறுந்த இழையை முடிகிறாள். இவருடைய அதே நீண்ட மூக்கு. இருபது வருடங்களுக்கு முன் ஓர் ஓவியர் ஊருக்கு வந்து வரைந்தது. கல்லூரிச் சுற்றுலா போன மகள் பார்த்துப் படமெடுத்து வந்திருக்கிறாள். கீழே உள்ள அட்டையில் ஓவியரின் பெயர் இருக்கிறது. இவர் வெறும் 'நெசவுக்காரி'.

"நாலு நாள் அசையாம உக்காந்துகினு இருந்தேங்க. எம்பேரக் கேட்டு எழுதிக்கினுதான் போனாரு."

அங்குள்ள அதிகாரியிடம் கொடுக்க இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்கிறார். 'தயவுசெய்து' என்று ஆரம்பித்து எழுதி, தமிழில் வாசித்துக் காட்டுகிறேன்.

"அத எடுத்துடுங்க. படத்துல இருக்கறது நானு, எம்பேரு முனிலட்சுமி. அது போதும்."

"பேர் போட மாட்டோம்னு சொல்லிட்டா?"

"படத்தாண்டயே நின்னுகினு, பாக்க வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே சொல்றேன்."

வேறு தாள் எடுத்து அந்த இரண்டு வரிகளை மட்டும் எழுதித் தருகிறேன். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ரயில் வருவதற்கு முன்பே எழுந்து நிற்கிறார்.