வல்தெனோரா துடைத்த கறை

செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டிவிடுவதில் வல்தெனோராவை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. வாழ்நாள் முழுக்கச் செருப்பில்லாமல் ஆடு மேய்த்த கிழவர் அவளுடைய கணினிக்குள் போவார். வெளியே வரும்போது கழுத்துப்பட்டையும் கறுப்புக் கோட்டுமாக ஏதோ வங்கி மேலாளர் மாதிரி வருவார். பல் இல்லாதவருக்குப் பல் முளைக்கும். மாறுகண் நேராகும். சவப்பெட்டியில் வைத்து எடுத்த படமாக இருந்தால் மூடிய கண்களை அவளே திறந்துவிடுவாள். பிரேசிலின் இந்தக் காய்ந்த மூலையில் கண் மூடிய ஆளை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டியைக்கூட ஒரே சட்டத்துக்குள் தோளோடு தோள் சேர்த்து உட்கார வைத்திருக்கிறாள். எதிர்த்துப் பேசத்தான் அவர்களால் முடியாதே.

"அழகா ஆகணுமா? மொதல்ல செத்துப் போ. அப்புறம் வல்தெனோராகிட்ட போ" என்று சந்தையில் கிண்டலடிப்பார்கள்.

அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "உயிரோட இருக்கற ஆம்பளைங்க கோட்டு போட்டாலும் தேறமாட்டாங்க" என்பாள். கோயிலுக்கு எதிரே ஒற்றை அறைக் கடை, சுவர் நிறைய பிணங்களின் புன்னகை, ஒரு மின்விசிறி. பெற்ற பிள்ளை இல்லை, ஆனால் ஞானமகன் ஒருவன் இருந்தான். வனில்சன். ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் அவன் தலையில் தண்ணீர் ஊற்ற, குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றவள் இவள்தான். அன்றிலிருந்து அவனுடைய அம்மா எரோனில்தாவும் இவளும் ஒருத்தியை ஒருத்தி "கொமாத்ரி" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். இங்கே அது கூடப்பிறந்தவளைவிட நெருங்கிய உறவு.

வனில்சன் அணையில் மூழ்கிச் செத்தான். போன், பர்ஸ், அடையாள அட்டை எல்லாம் கால்சட்டைப் பையிலேயே இருந்தன. உடல் கிடைத்தபோது அவை கூழாகியிருந்தன. உயிரோடு இருந்தபோதும் படம் எடுக்க நிற்கமாட்டான், கேமராவைக் கண்டால் நாக்கைத் துருத்துவான். முகநூலில்கூட முகத்துக்குப் பதில் கால்பந்துச் சங்கத்தின் சின்னத்தைத்தான் வைத்திருந்தான். வேலைக்கு மனுப் போட எடுத்த படம் ஒன்றே ஒன்று, கட்டைவிரல் அளவுக்கு, எரோனில்தாவின் ஜெப புத்தகத்துக்குள் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தாள்.

"கொமாத்ரி, இத பெருசாக்கிக் குடு. என் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி. கல்லறைத் திருநாளுக்குள்ள வேணும்."

"கோட்டு போடட்டுமா?"

"போடு. உயிரோட இருந்தா போட்டிருக்கமாட்டான், கழுத. இப்ப என்ன செய்வான்?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் சும்மா இருந்தார்கள்.

வல்தெனோரா படத்தை வருடியில் வைத்துக் கணினிக்குள் ஏற்றிக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள். எரோனில்தாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. உடல் கிடைத்தால் மகன் படத்தைப் புனிதரின் காலடியில் கொண்டுபோய்த் தொங்கவிடுவதாக அணைக்கரையில் நின்று வேண்டியிருந்தாள். நகலைக் கொடுத்துப் புனிதரை ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாளே யாத்திரை லாரியில் ஏறிப் போய், நேர்ச்சை மண்டபத்தில், குணமானவர்கள் காணிக்கையாக வைத்த மரக்கால்களுக்கும் மரத்தலைகளுக்கும் நடுவே, ஆயிரம் முகங்களோடு அந்த முகத்தையும் கட்டிவிட்டு வந்தாள்.

வல்தெனோரா வேலையை ஆரம்பித்தாள். படத்தைத் திறந்தால், முகமெல்லாம் கறுப்புக் கறை. நெற்றியில் சதுரமாக ஒன்று, கன்னத்தில் பொடிப்பொடியாக, தாடைமேல் கோடுகோடாக.

"கையில வாங்கினப்ப கவனிக்கலயே. ஜெப புத்தகத்துக்குள்ள வெச்சா பூஞ்சை பிடிக்காம என்ன பண்ணும்?" என்று எரோனில்தாவைத் திட்டிக்கொண்டே துடைக்க உட்கார்ந்தாள். பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துக் கறைமேல் பூசினாள். பூசிய இடத்தில் கறை போயிற்று. ஆனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இன்னொரு இடத்தில் முளைத்தது. அதையும் பூசினாள். ஒட்டுப்போட்ட சட்டையில் அடுத்த கிழிசலைத் தேடுகிறவள் மாதிரி, முகம் முழுக்கப் போய்க்கொண்டே இருந்தாள்.

பூசப் பூச அதே கோப்பின்மேலேயே சேமித்தாள். அது அவளுடைய பழக்கம். கணினி வருவதற்கு முன்னால், பெரிதாக்கிய காகிதப் படத்தின் மேலேயே சாயம் பூசிப் பழகிய கை. அந்த வேலையில் நகல் என்று ஒன்று கிடையாது. ஒரு முகம், அதன்மேல் தூரிகை, அவ்வளவுதான்.

நடுவில் கோட்டையும் மாட்டிவிட்டாள். கறை தீர்ந்தபாடில்லை. வேலை ஓடாத எரிச்சலில் வேறொரு படத்தைத் திறந்தாள். போன வாரம் எடுத்த கல்யாணப் படம். மணப்பெண்ணின் மூக்கில் அதே கறுப்புச் சதுரம்.

மணப்பெண் எந்த ஜெப புத்தகத்திலும் இருந்தவள் இல்லை.

வல்தெனோரா கிளேபெருக்குப் போன் போட்டாள். ஊரில் கணினி ரிப்பேர் செய்கிறவன் அவன் ஒருவன்தான். மோட்டார்சைக்கிளில் வந்தவன் திரையைப் பார்த்ததுமே தலையை ஆட்டினான்.

"வல்தெனோராம்மா, இந்தப் பெட்டி எங்க வாங்கினது?"

"கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடைய மூடுனப்ப வித்தாங்கல்ல, அதுல ஒண்ணு."

"அதான். இதுக்குள்ள இருக்கற கிராபிக்ஸ் கார்டு, பையனுங்க விடிய விடிய சுட்டு விளையாடினதுல வெந்து போயிருக்கு. நீங்க பாத்ததவிட அதிகமா பொணத்தப் பாத்த கார்டு இது."

"வாய மூடிட்டுச் சரி பண்ணு."

அவன் முதலில் அணைத்துப் போட்டுப் பார்த்தான். கறை போகவில்லை. கார்டுக்கு வேண்டிய மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். போவதுபோலப் போய்த் திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்து உள்ளே ஊதினான். இருவர் கண்ணிலும் தூசி விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் படம் திருத்தும் மென்பொருளின் அமைப்புகளுக்குள் போனான்.

"இங்க பாருங்க. வேகமா ஓடட்டும்னு இது படம் காட்டற வேலைய அந்தக் கார்டுகிட்ட குடுத்திருக்கு. கார்டு தப்புத் தப்பா வரைஞ்சு காட்டுது. இந்த டிக்க எடுத்துட்டா கார்டு தலையிடாது. மெதுவாத்தான் ஓடும். ஆனா பொய் சொல்லாது."

டிக்கை எடுத்தான். மென்பொருளை மூடித் திறந்தான். மணப்பெண்ணின் மூக்கு பளிச்சென்று இருந்தது.

"பாத்தீங்களா? படத்துல ஒரு கோளாறும் இல்ல. கறையெல்லாம் திரையிலதான்."

அவன் சொன்னது அவளுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

வனில்சனைத் திறந்தாள்.

நெற்றி வழவழவென்று பீங்கான் தட்டு. இரண்டு கன்னத்திலும் ஒரே தோல், ஒட்டுப்போட்டது. தாடை யாருடையதோ. கண்கள் மட்டும் அவனுடையவை. தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவனைப்போல அவை அந்த முகத்திலிருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

"மொத காப்பி எங்க?" என்றான் கிளேபெர்.

"இதான்."

"இல்ல, ஸ்கேன் பண்ணினப்ப..."

"இதான்டா."

அவன் கணினியின் மூலைமுடுக்கெல்லாம் தேடினான். பிறகு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு நேர்ச்சை மண்டபத்துக்கே போனான். அந்திக்குத் திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான். திருவிழா வருகிறதென்று சுவரை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதுவரை தொங்கிய படங்களையெல்லாம் முற்றத்தில் எரித்தாயிற்று. புதியவற்றுக்கு இடம் வேண்டுமே.

எரோனில்தா மறுநாள் காலை, சோளமாவில் அவித்த குஸ்குஸ் கட்டிய துணி மூட்டையோடு வந்தாள். வல்தெனோரா எதையும் மறைக்கவில்லை, மறைக்கத் தெரியவும் இல்லை. நடந்ததைச் சொல்லித் திரையைத் திருப்பினாள்.

எரோனில்தா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

"கோட்டு நல்லாருக்கு" என்றாள்.

"திட்டு கொமாத்ரி. வாய்க்கு வந்தபடி திட்டு."

"மச்சம் எங்க?"

வல்தெனோரா படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். ஆமாம், இருந்தது. கறைகளோடு கறையாக அதையும் துடைத்திருக்கிறாள்.

"இப்ப வெச்சுடறேன். எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்." எரோனில்தா விரலைத் தன் இடக்கன்னத்தில் வைத்தாள். பிறகு திரையில் வைக்கப் போனாள். விரல் நடுவழியில் நின்றது. "இரு. அவன் என்னப் பாத்து நின்னா... இல்ல, நான் சோறு போடறப்ப அவன் இப்படி உக்காருவான்..." விரல் மறு கன்னத்துக்குப் போயிற்று. திரும்பி வந்தது.

"கொமாத்ரி, நீ சொல்லு. நீதான அவன ஏந்திட்டு நின்ன?"

வல்தெனோரா கண்ணை மூடிப் பார்த்தாள். ஈரத் தலை ஞாபகம் வந்தது. அழுகை ஞாபகம் வந்தது. வளர்ந்தபின் துருத்திய நாக்குகூட வந்தது. மச்சம் வரவில்லை. ஊரில் செத்த எத்தனையோ பேருக்கு இல்லாத பல்லையும் இல்லாத பெருந்தன்மையையும் வரைந்து கொடுத்தவள் அவள். யாரும் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

"இடதுல வெச்சுப் பாப்போம்" என்று சுட்டியை அழுத்தினாள்.

டிக் எடுத்த கணினி மெதுவாக வேலை செய்தது. மச்சம் உடனே வரவில்லை. இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். வந்தது.

"இல்ல" என்றாள் எரோனில்தா.

அழித்தாள். வலப்பக்கம் அழுத்தினாள். மறுபடியும் காத்திருந்தார்கள்.

"இதுவும் இல்ல. இல்ல, இரு. மொதல்ல வெச்ச எடத்துலயே இன்னொரு தடவ வெய்யி."

வல்தெனோரா வைத்தாள். மின்விசிறி சுற்றியது. சுவரிலிருந்த எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எரோனில்தா தன் கன்னத்திலிருந்து விரலை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.