சன்னிவேலில் ஒரு தூத்துக்குடி மாவட்டம்

போன சனிக்கிழமை கராஜைச் சுத்தம் பண்ண இறங்கினேன். இறங்கினேன் என்பது கௌரவத்துக்காகச் சொல்வது. இறக்கிவிடப்பட்டேன் என்பதுதான் உண்மை. எலெக்ட்ரிக் காருக்குச் சார்ஜர் மாட்ட ஆள் வருகிறார், சுவர் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும் என்று மனைவி உத்தரவு. மடங்காத ஸ்ட்ரோலர், ஒரு சக்கரம் போன சூட்கேஸ், பிரிக்கவே பிரிக்காத ஏதோ ஒரு பெட்டி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால், பின்னால் சாய்ந்து நிற்கிறது அந்த மட்டை. கையில் எடுத்ததும் நல்லெண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. இத்தனை வருஷம் கழித்துமா என்று மறுபடி மோந்து பார்த்தேன். சத்தியமாக நல்லெண்ணெய்தான்.

“அப்பா, இஸ் தட் ஃபார் பீட்ஸா?” என்றாள் பதினான்கு வயது மகள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்றடி நீளக் கட்டை, நுனியில் தட்டையாக அகன்றிருக்கும். “இது ஹர்லிங் மட்டைம்மா. உங்க அப்பா இதுல சாம்பியன்” என்றேன். “சாம்பியன் ஆஃப் வாட்?” என்றாள். “தூத்துக்குடி மாவட்டம்” என்றேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போகட்டும், நீங்கள் கேளுங்கள்.

ஹர்லிங் அயர்லாந்துக்காரர்களின் விளையாட்டு. ஹாக்கிக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கொஞ்சம் முரட்டுப் பிள்ளை. பந்தைக் கையால் பிடிக்கலாம், மட்டையில் ஏந்தியபடி ஓடலாம், தலைக்கு மேல் வீசி அடிக்கலாம், காலால் உதைக்கலாம். கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் மூன்று. இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் டெக்லான். சன்னிவேல் ஆபீசில் எனக்குப் பக்கத்து இருக்கை. மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டான், மைதானத்தில் இறங்கினால் வாயை மூட மாட்டான்.

அவர்கள் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, எந்த கவுண்டி என்பதுதான். நம் கணக்கில் மாவட்டம். பே ஏரியாவில் அவர்கள் நடத்திய கோடைக்காலப் போட்டியிலும் கார்க், கால்வே என்று ஊர் மாவட்டங்களின் பெயரில்தான் அணிகள். ஒருநாள் என்னிடமும் கேட்டான். தமிழ்நாடு என்றேன். அது சரி, எந்த கவுண்டி என்றான். “தூத்துக்குடி. ஊர் கோவில்பட்டி. ஊரே ஹாக்கி ஆடும்” என்று, நான் ஏதோ இந்தியாவுக்கு ஆடியவன் மாதிரி அளந்துவிட்டேன். அவன் கண் விரிந்தது. உன்னைப் போல இன்னும் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள் என்றான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கோவில்பட்டிக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்தோம். பள்ளியில் என்னோடு ஆடிய செல்வத்தை ஃப்ரீமான்ட்டிலிருந்து இழுத்து வந்தேன். எல் கமீனோ ரோட்டுக் கடையில் இட்லி சாப்பிட வந்த கோயம்புத்தூர்க்காரர்களையும் மெட்ராஸ்காரர்களையும் பேசிப் பேசி ஐந்து பேரைப் பிடித்தோம். அவர்கள் ஸ்கிரீனைத் தவிர வேறெதையும் முறைத்துப் பார்க்காதவர்கள். மொத்தம் பதினோரு பேர், ஆடுவது ஒன்பது. அட்டவணையில் கார்க்குக்குக் கீழே ‘தூத்துக்குடி கவுண்டி’ என்று அச்சாகி வந்தபோது செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவனே கேப்டன் ஆனான். வேறு யாரை நாங்கள் போடுவோம்?

மட்டை வெடிக்காமல் இருக்க ஆளி விதை எண்ணெய் பூசச் சொன்னான் டெக்லான். “அதுக்கு எங்கலே போறது, நல்லெண்ணெய் போதும்” என்று செல்வம் பதினோரு மட்டைக்கும் தேய்த்தான். எங்கள் அணி மைதானத்துக்குள் வந்தால் தோசைக்கடை திறந்த மாதிரி இருக்கும். முதல் ஆட்டத்துக்கு முன்னால் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு லிவர்மோர் கோயிலுக்குப் போய் வண்டி பூஜை வரிசையில் நின்றோம். குருக்கள் எட்டிப் பார்த்து, “வண்டி எங்கே?” என்றார். “வண்டி இல்ல சாமி, இதுதான்” என்று மட்டையை நீட்டினோம். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். நல்ல மனுஷன்.

இப்படி இறங்கியும் முதல் வருஷம் எல்லா ஆட்டமும் தோற்றோம். காரணம் கால். எங்கள் பள்ளி பி.டி. சார் ஹாக்கியில் ஒரே ஒரு விஷயத்தை எலும்பில் ஏற்றியிருந்தார். பந்து உன் காலில் பட்டால் அது ஃபவுல். விசில் வரும்வரை காத்திருக்காதே, நீயே நின்று கையைத் தூக்கு. தூக்காவிட்டால் மைதானத்தைப் பத்துச் சுற்று. ஹர்லிங்கிலோ காலில் பட்டால் ஒரு தப்பும் இல்லை. எங்களுக்கு அது மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. காலில் பந்து பட்ட மாத்திரத்தில் ஆறு கோவில்பட்டிக்காரர்களும் சிலையாக நின்று கையைத் தூக்குவோம். எதிரணிக்காரன் முதலில் முழிப்பான், பிறகு பந்தை எடுத்துக்கொண்டு போவான். எங்களுக்குக் கோச்சான டெக்லான் கோட்டுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொள்வான். “யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள்?” என்று கத்துவான். இரண்டாம் வருஷம் கொஞ்சம் தேறி அரையிறுதி வரை போனோம். கை மட்டும் எழும்பிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் வருஷம் நாங்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அடடா! ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்த ஜோரில் இருக்கும்போதுதான் செல்வத்துக்கு வேலை போனது. விசாவில் இருக்கிறவனுக்கு வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் விமானம். அவன் கிரீன் கார்டு வரிசையில் எட்டு வருஷம் நின்றவன். நாற்பது நாள் போனது, ஐம்பது போனது, வேலை அமையவில்லை. ஃபைனல் வந்தது ஐம்பத்தொன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டான்.

முந்தின நாள் ப்ராக்டிஸ் முடிந்ததும் என்னிடம் மட்டும் சொன்னான்: “எட்டு வருசம் இருந்துட்டேன்லே. என்னத்தக் கொண்டுட்டுப் போறேன் சொல்லு? எவனோ எழுதுன கோடுல பக் ஃபிக்ஸ் பண்ணேன். அது கம்பெனிக்காரன்கிட்டயே இருக்கு. ஒண்ணே ஒண்ணு நம்மளா ஜெயிச்சோம்னு இருக்கணும்லே. இல்லேன்னா துரத்திவிட்டுட்டானுவன்னுதான் மிஞ்சும்.” “ஜெயிப்போம்லே” என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

ஃபைனல் கார்க் அணியோடு. முதல் இரண்டு வருஷமும் எங்களைத் துவைத்துக் காயப்போட்டவர்கள். அன்றைக்கு விட்டுக்கொடுக்கவே இல்லை. அவர்கள் ஒன்று அடித்தால் நாங்கள் ஒன்று. இடைவேளையில் கடலைமிட்டாயைக் கடித்தபடி, “விட்றாதீங்கலே, விட்றாதீங்க!” என்று செல்வம் ஒவ்வொருவன் முதுகிலும் தட்டினான். மனைவிமார் எல்லாம் கோட்டோரம் வந்து நின்று, விதி ஒன்றும் தெரியாமலேயே, “போடுங்க, போடுங்க!” என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். எனக்கு நெஞ்சு அடித்த அடி ஹெல்மெட்டுக்குள் கேட்டது.

கடைசி நிமிஷம். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். நான் வலப்பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்தைத் தூக்கி அடித்தேன். செல்வம் எம்பினான். கையில் பட்டு நழுவி, நேராக அவன் காலில் விழுந்தது. கோல் கம்பம் பத்தடி தூரத்தில். பாவி மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? நின்றான். கையைத் தூக்கிவிட்டான்!

போச்சு என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்க்கிறேன், கார்க் அணிக்காரர்களும் நின்றுகொண்டிருக்கிறார்கள். தூத்துக்குடிக்காரன் கையைத் தூக்கினால் ஆட்டம் நின்றது என்று மூன்று வருஷத்தில் அவர்கள் உடம்புக்கும் பழகியிருக்கிறது. கோல் காப்பவன் மட்டையைக்கூடத் தாழ்த்திவிட்டான். நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோகவே இல்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “ஏலேய் செல்வம்! இது ஹாக்கி இல்லலே! அடிலே!”

தூக்கிய கையை இறக்காமலே, ஒற்றைக் கையால் அடித்தான். பந்து வலைக்குள் புகுந்தது. மூன்று புள்ளி. ஒன்றில் முன்னால் வந்துவிட்டோம். அடுத்த மூச்சில் கடைசி விசில். யாரை யார் கட்டிப்பிடித்தோம் என்றே தெரியாது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நடுவரைத் தூக்கிச் சுற்றினார். டெக்லான் புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். என் மனைவி எதற்கு என்று தெரியாமலேயே அழுதாள்.

செல்வம் மட்டும் நேராக நடுவரிடம் போனான். “சார், பால் என் கால்ல பட்டுச்சு” என்றான், தமிழிலேயே. பதற்றத்தில் இங்கிலீஷ் வரவில்லை. நான் மொழிபெயர்த்தேன். உன் காலைப் பற்றி இந்த ஆட்டத்தில் யாருக்கும் கவலை இல்லையப்பா என்று நடுவர் அவன் தோளைத் தட்டினார். அப்படியும் மனசு கேட்காமல் கார்க் கேப்டனிடம் போய் நின்றான். அவன், “நின்றது நாங்கள். தப்பு எங்களுடையது. கோப்பை உன்னுடையது” என்று சொல்லிக் கோப்பையை எடுத்து இவன் கையில் திணித்தான். அப்போதுதான் செல்வம் அழுதான். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

திங்கட்கிழமை ஏர்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். கோப்பை சுழற்கோப்பை, கொண்டுபோக முடியாது. மெடலைச் சட்டைக்குள் போட்டிருந்தான். வரிசையில் நிற்கும்போது அதை வெளியே எடுத்து ஒருமுறை காட்டிவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொண்டான்.

இன்றைக்கு அந்த மைதானம் இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. டெக்லான் ஊருக்கே திரும்பிவிட்டான். எங்களில் மூன்று பேர் வீடு வாங்கி டெக்சஸ் பேர்லேண்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அணி கலைந்தது இதனால் எல்லாம் இல்லை. இவையெல்லாம் பிறகு நடந்தவை. அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி மெயில் வந்தபோது நாங்கள் பத்துப் பேரும் இங்கேதான் இருந்தோம். ஆடுவதற்கு ஒன்பது பேர் போதும். கேப்டன் யார் என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டும். நீ போடு, நீ போடு என்று ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டோம். நான் ஒருநாள் என் பெயரை டைப் பண்ணிப் பார்த்தேன். அழித்துவிட்டேன்.

கடைசித் தேதியன்று டெக்லான் போன் பண்ணினான்.

“யார் கேப்டன்?”

“செல்வம்.”

“செல்வம் இங்கே இல்லையே.”

“தெரியும்” என்றேன். அவன் சரி என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த வருஷ அட்டவணையில் கார்க்குக்குக் கீழே, எங்கள் பெயர் இருந்த இடத்தில், நேராகக் கால்வே வந்தது.