தீவுக்காக ஒட்டிய டேப்

அன்று நாங்கள் தங்கியிருந்த அறையில் இருந்தது நான், தென்காசி செல்வம், வல்லம் ஏழுமலை. நாங்கள் வேலை பார்த்த ஒரகடம் கம்பெனியில் அதிகத் தகடு அடிக்கும் பிரஸ் லைனுக்குக் கரீபியன் தீவில் ஒரு வாரம் சுற்றுலா என்று அறிவித்திருந்தார்கள்.

“அண்ணே, அங்க கடல்ல சாரம் கட்டிக் குளிக்கலாமா?” என்றான் செல்வம்.

“லுங்கியில உன்ன பாத்தா மீனுங்க கரையேறி ஓடிடும்டா,” என்றான் ஏழுமலை.

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேகம் கூடட்டும் என்று மறுநாள் ஒரு பட்டனை அமுக்கி, டேப் போட்டு ஒட்டினேன்.

“வேணாம்பா, கை மாட்டிக்கினா இன்னா பண்ணுவ?” என்றான் ஏழுமலை.

“தீவுக்குப் போவணுமா, வேணாமா?” என்றேன்.

மூன்று நாள் எங்கள் லைன்தான் முதலிடம். நான்காம் நாள் செல்வம் வலது கையால் பட்டனை அமுக்கும்போதே இடது கையால் தகட்டை நகர்த்தினான்.

டேப் ஒட்டியது யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

அவன் இடது கையில் மிச்சம் இரண்டு விரல்.